ராயபுரம் முதல் பெசன்ட் நகர் வரை: சொந்தக் காரில் சென்னைக் கடலோரம் – அனுபவப் பகிர்வு

கடலோர ஓட்டி

டூர் பஸ்ஸும் கைடும் இல்லாமல், சொந்தக் காரில் சென்னையின் கடலோர அடையாளங்களை ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்களுக்காக இந்த இழை. ஓட்டியவர்கள் அவரவர் பகுதியைப் பற்றி எழுதுங்கள். வழி, நிறுத்தம், நேரம், எங்கே சிக்கல் வரும் என்பது மட்டும் போதும்.

முதல் முடிவு திசை. வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள், தலைகீழாக வேண்டாம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தெற்கே வரும்போது கடல் இடது கைப்பக்கம் இருக்கும். கடற்கரையில் நிறுத்த வேண்டிய இடமெல்லாம் நேராக இடப்பக்கம் ஒதுங்கினாலே வந்துவிடும். தெற்கிலிருந்து வடக்கே போனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் யு-டர்ன் தேட வேண்டும். காமராஜர் சாலையில் சாலைநடுத் தடுப்பு நீளமானது, திரும்பும் இடங்கள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் சிலை எதிரே தெரியும், போய்ச் சேர பத்து நிமிடமாகும்.

இரண்டாவது முடிவு கிழமை. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை. வேலை நாளில் தலைமைச் செயலகக் கூட்டமும் துறைமுகக் கண்டெய்னர் லாரிகளும் சேர்ந்துகொள்ளும். ஞாயிறு காலை பாரிமுனை காலியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அன்று கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்திலும் சாந்தோம் பேராலயத்திலும் ஆராதனை நேரம், மாலையில் மெரினாவில் கால் வைக்க இடமிருக்காது. ஆகவே என் பரிந்துரை சனிக்கிழமை. செயலகம் விடுமுறை, மேற்சொன்ன இரண்டும் திறந்திருக்கும். பாரிமுனையைக் கடைகள் திறக்கும் முன், ஒன்பது மணிக்குள் தாண்டிவிட்டால் போதும்.

ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை நேர்வழியில் சுமார் 17 கி.மீ. அவ்வளவுதான். ஓட்டும் நேரம் மொத்தமே ஒன்றரை மணிக்குள் அடங்கும், மீதி எல்லாம் நிற்கும் நேரம். இதைப் புரிந்துகொள்ளாமல் இருபது இடம் எழுதிக்கொண்டு கிளம்புபவர்கள் மதியத்துக்குள் களைத்துப் போகிறார்கள். இறங்கிப் பார்க்க ஏழு இடம், ஓட்டிக்கொண்டே பார்க்க ஏழெட்டு இடம். அதற்கு மேல் வேண்டாம்.

வரிசை இது: காலை 7.45 ராயபுரம் ஸ்டேஷன். 8.30 ராஜாஜி சாலை, நிற்காமல். 9 மணிக்குக் கோட்டை. 10.30 மெரினா. 11.30-க்குள் கலங்கரை விளக்கம், ஏனென்றால் அங்கே மதிய இடைவேளை உண்டு. 12.30 சாந்தோம். சாப்பாடு, ஓய்வு. 4 மணிக்குக் கபாலீஸ்வரர் கோயில். 5.15-க்குப் பெசன்ட் நகர்.

வடக்கு வாசல்

ராயபுரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது. வெள்ளைத் தூண் வரிசையோடு அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பதினைந்து நிமிடம் போதும். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, முகப்பைப் பார்க்கத்தான் வருகிறோம். மழை நாளில் ஸ்டேஷனை ஒட்டிய சாலையில் தண்ணீர் நிற்கும், முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மட்டும் யோசிக்கவும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும், ஏழே முக்காலுக்கு வந்தால் பாதி முடிந்திருக்கும். அதைப் பார்ப்பதென்றால் ஐந்து மணிக்கு வர வேண்டும், காரை வெளியிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஐஸ் தண்ணீரும் செதிலுமாகத் தரை வழுக்கும், செருப்பு பிடிமானமுள்ளதாக இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏலமும் மந்தமாகத்தான் இருக்கும். படகுகள் மொத்தமாகக் கரையில் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் அதுவே சரியான காலம்.

லாரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துறைமுக வாசலுக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் இடப்பக்கம் வரிசையாக நிற்கும். அவற்றைச் சுற்றி வலப்பக்கம் வரும்போது, லாரிகளுக்கு இடையிலிருந்து ஆட்களும் சைக்கிள்களும் திடீரென்று வெளிப்படுவார்கள். 20 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம். லாரி ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா, அவருக்கும் உங்கள் கார் தெரியாது.

மணல்திட்டு

ராஜாஜி சாலையைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தின் சாவியே அங்கேதான் இருக்கிறது.

அங்கே ஒரு ரயில் நிலையத்துக்குப் 'பீச்' என்று பெயர். சுற்றிப் பார்த்தால் கடற்கரையே இல்லை. ஆனால் அந்தச் சாலைதான் ஒரு காலத்தில் கடற்கரை. தலைமைத் தபால் நிலையம், பாரத ஸ்டேட் வங்கி எல்லாம் கடலைப் பார்த்துக் கட்டியவை. 1870-களில் செயற்கைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள், கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டன. இந்தக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கற்சுவர் குறுக்கே நின்றதும் மணல் தென்பக்கம் தேங்கியது. இன்று நாம் பார்க்கும் மெரினாவின் அகலம் அப்படி வந்தது. வடபக்கம் மணல் வரத்து நின்றதால் ராயபுரம், காசிமேடு கரையைக் கடல் அரித்தது. அங்கே கருங்கல் கொட்டி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். காலையில் ராயபுரத்தின் கல் கரையையும், இரண்டு மணி நேரம் கழித்து மெரினாவின் மணலையும் பார்க்கும்போது, ஒரே சுவரின் இரண்டு பக்கத்தைப் பார்க்கிறீர்கள். வடக்கிலிருந்து வர வேண்டும் என்பதற்கு யு-டர்னைவிட எனக்கு இதுவே பெரிய காரணம்.

ராஜாஜி சாலையில் காரை நிறுத்தப் பார்க்காதீர்கள். மெதுவாக ஓட்டியபடி வலப்பக்கம் பார்க்க வேண்டியவை: தபால் நிலையம் (1884, சிஸோம் வடிவமைப்பு), பிறகு பாரிமுனை தாண்டியதும் உயர் நீதிமன்றம் (1892). நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரம் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. அதற்கும் முந்தைய கலங்கரை விளக்கம், 1844-இல் ஏற்றிய கல் தூண், அதே வளாகத்துக்குள் நிற்கிறது. இப்போதைய விளக்கத்தை மெரினா கோடியில் பார்ப்பீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதற்கான கல்வெட்டு நீதிமன்ற மதில் சுவரில் இருக்கிறது. ஓடும் காரிலிருந்து அது தெரியாது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் கோட்டையில் காரை விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

செங்கல்பொடி

கோட்டை பற்றி:

அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும், ஓட்டுநருக்கு மட்டுமல்ல. வாசலில் கார் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்வார்கள், ஆகவே சாமான்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றக் கூட்டம் நடக்கும் நாட்களில் கெடுபிடி அதிகம். அந்த வாரங்களில் கோட்டையை விட்டுவிட்டு நேரே மெரினாவுக்குப் போவதே மேல். ஆகஸ்ட் 15-க்கு முன்னால் ஒத்திகைக்காகவும் சாலையை மூடுவார்கள். குடியரசு தினத்துக்கு முன் இதே கதை காமராஜர் சாலையில்.

உள்ளே இரண்டு இடம். புனித மேரி ஆலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் இங்கேதான் நடந்தது. உள்ளே போனதும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று வளைவாகக் கட்டிய கனமான கூரை அது. வெளியே தரையில் பாவியிருக்கும் கல்லறைக் கற்கள் மீதுதான் நடந்து போவோம். எழுத்துகளைப் படிக்க வேண்டுமானால் வெயில் சாய்வாக விழும் ஒன்பது மணிதான் நல்ல நேரம். உச்சி வெயிலில் செதுக்கல் தெரியாது, கல் வெறும் கல்லாகத் தெரியும்.

அடுத்து அருங்காட்சியகம். நாணயம், ஆயுதம், கார்ன்வாலிஸ் சிலை, ஓவியங்கள். நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் நின்றால் கலங்கரை விளக்கத்தின் மதிய இடைவேளையில் போய் மாட்டுவீர்கள்.

பாலத்தடி

நேப்பியர் பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது. படம் எடுக்க ஆசையாக இருக்கும், 2022 செஸ் ஒலிம்பியாட் சமயம் சதுரங்கக் கட்டம் பூசியபோது பாலத்தில் நின்று நின்று நெரிசலே ஆனது. பாலம் தாண்டியதும் இடப்பக்கம் கடற்கரை உட்சாலைக்குள் நுழைந்து, வண்டியை விட்டு, நடந்து திரும்பி வாருங்கள். ஐந்து நிமிட நடைதான். பாலத்தை ஒட்டிக் கடற்படை வளாகம் இருப்பதால் கேமராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம். ட்ரோன் கூடவே கூடாது.

காமராஜர் சாலையில் எது எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இடப்பக்கம் நினைவிடங்கள், உழைப்பாளர் சிலை, 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவிய சிலைகள், காந்தி சிலை. வலப்பக்கம், சாலைக்கு அந்தப் புறம், பல்கலைக்கழகம், செனட் மண்டபம், சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், ராணி மேரி கல்லூரி. விவேகானந்தர் இல்லம் 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு. ஐஸ் ஹவுஸ் என்றுதான் இன்றும் ஆட்டோக்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவர் அந்தக் கட்டடங்களைப் பார்க்கத் திரும்பினால் எதிர்வரிசை வண்டிகளைத்தான் பார்ப்பார், முன்னால் போகும் வண்டியை விட்டுவிடுவார். எனவே உழைப்பாளர் சிலை அருகே ஒரு முறை, காந்தி சிலை அருகே ஒரு முறை, இரண்டே நிறுத்தம். இறங்கி நின்று எதிர்ப்பக்கத்தைப் பொறுமையாகப் பாருங்கள். உழைப்பாளர் சிலையைச் சுற்றி வந்து நான்கு பேரின் கைகளையும் கால்களையும் பாருங்கள். பாறையை நெம்பும் பாரம் எந்தத் தசையில் ஏறியிருக்கிறது என்பதுவரை தேவி பிரசாத் ராய் சௌத்ரி வார்த்திருக்கிறார். காந்தி சிலையும் அவருடையதே.

சேப்பாக்கம் மைதானத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். வாலாஜா சாலை அடைத்தால் உழைப்பாளர் சிலை சிக்னல் நகராது.

நிழல்பிடிப்பவன்

வெளிச்சம் பற்றி யாரும் சொல்லவில்லையே. வலப்பக்கக் கட்டடங்கள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. காலை வெயில் முகப்பில் நேராக விழும். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.10-க்கு. அதன் பிறகு முகப்புகள் நிழலுக்குள் போய்விடும், பின்னால் வானம் வெளுத்திருக்கும், படத்தில் கட்டடம் கறுப்பாகத்தான் வரும். மாலை மெரினா மக்களைப் பார்க்க நல்லது, கட்டடங்களைப் பார்க்க உதவாது.

சூரிய உதயம் வேண்டுமென்பவர்கள் கவனிக்க: ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கில், ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில். உதயத்துக்கு மெரினா வந்துவிட்டு ராயபுரம் திரும்பிப் போவது வீண் அலைச்சல். அதற்கு வேறொரு நாள் வையுங்கள்.

கடலோர ஓட்டி

@நிழல்பிடிப்பவன் சரியாகச் சொன்னீர்கள் சார். மெரினாவை 10.30-க்கு வைத்ததே அதனால்தான்.

வழி சொல்லும் குறிப்புகளை எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. அரை நிமிடம் படித்துக் காட்டினால் 330 மீட்டர் கடந்துவிடும். கட்டடம் தெரிந்த பிறகு படிக்கத் தொடங்கினால் முடிக்கும்போது அது பின் கண்ணாடியில் இருக்கும். ஆகவே முந்தைய சிக்னலிலேயே படித்துவிட வேண்டும். ஒரு இடத்துக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள், நீளமான விவரம் நிறுத்தத்துக்கு. வடக்கு, மேற்கு என்று எழுதாமல் 'உன் இடது', 'உன் வலது' என்று எழுதுங்கள்.

மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்வது நல்லது. மெட்ரோ பணி நடக்கும் இடங்களில், முக்கியமாகக் கலங்கரை விளக்கம், மயிலாப்பூர் பக்கம், ஒருவழி அடிக்கடி மாறுகிறது. மேப் ஒன்று சொல்லி, தடுப்பு வைத்த காவலர் வேறு சொன்னால் காவலர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மாடவீதி

கலங்கரை விளக்கம்: லிப்ட் உண்டு, ஆனால் ஒரு தடவைக்குச் சிலர்தான் போக முடியும். விடுமுறை நாளில் வரிசைக்கு அரை மணி சேர்த்துக் கணக்கிடுங்கள். லிப்ட்டுக்குப் பிறகும் கொஞ்சம் படி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மேலே காற்று பலம், தொப்பி, துப்பட்டா, செல்போன் ஜாக்கிரதை. பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடியிருந்து 2013-இல்தான் மறுபடி திறந்தார்கள். வடக்கே துறைமுகத்தில் தொடங்கி நீங்கள் வந்த வழி முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், அதற்காகவே ஏறலாம்.

சாந்தோம் பேராலயம்: இப்போதுள்ள கோதிக் கட்டடம் 1896-இல் அர்ப்பணிக்கப்பட்டது. புனித தோமாவின் கல்லறைச் சிற்றாலயத்துக்குப் போக ஆலயத்துக்குள் வழி தேடாதீர்கள். தனி வாசல் வெளியே பின்பக்கம் இருக்கிறது, கீழே இறங்க வேண்டும். அங்கே பேசாமல் இருப்பது முறை.

கபாலீஸ்வரர் கோயில் மதியம் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். பன்னிரண்டரைக்குச் சாந்தோம் முடிந்த கையோடு போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்புபவர்கள் ஏராளம். கார் மாடவீதிக்குள் வேண்டவே வேண்டாம். பங்குனித் திருவிழா நாட்களில் அந்தப் பக்கமே வர முடியாது. சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுக் குளத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்த பிறகு இங்கே எழுப்பியது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சாந்தோமையும் கபாலியையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அது மனதில் நிற்கும்.

உப்புக்காற்று

வண்டி பற்றி நாலு வார்த்தை.

கடலோரம் ஒரு மணி நேரம் நின்றாலே முன்கண்ணாடியில் உப்புப் படலம் படியும். வைப்பரை வறண்ட கண்ணாடியில் போட்டால் பால் தடவியதுபோல் ஆகிவிடும். எதிர் வெயிலில் ஒன்றும் தெரியாது. முதலில் தண்ணீர் பீய்ச்சி, ஊறிய பிறகு வைப்பர் போடவும். வாஷர் தொட்டியைக் கிளம்பும் முன் நிரப்புங்கள், ஒரு லிட்டர் தனியாகவும் வையுங்கள்.

இரவு முழுவதும் கடலோரம் நிறுத்துவதென்றால் கைபிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். காலையில் டிஸ்க்கில் செம்மண் நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் மிதித்தால் போய்விடும். வீடு திரும்பி ஓரிரு நாளுக்குள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே பளபளப்பாகக் கழுவி, கீழே விட்டுவிடுவதுதான் வழக்கம். துருப்பிடிப்பதோ கீழிருந்துதான்.

சாலையோர மணலில் இறக்கி மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள். சக்கரம் சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும், கடைசியில் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். இறங்கி, ஓட்டும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாருங்கள். டயர் காற்றை 18–20 பிஎஸ்ஐ வரை குறையுங்கள், டயர் தட்டையாகி மணலைப் பிடிக்கும். கால்மிதியைச் சக்கரத்தடியில் செருகி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். வெளியே வந்ததும் வேகம் போகாமல் அருகிலுள்ள பங்க்கில் காற்றை நிரப்பிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் பக்கவாட்டில் சூடேறிக் கிழியும்.

புதியவன்

சாந்தோமிலிருந்து பெசன்ட் நகருக்கு எது நல்ல வழி அண்ணா? லூப் ரோடு போகலாமா?

பாலத்தடி

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை லூப் ரோடு கடலை ஒட்டியே போகும். காலையில் நல்ல வழிதான். மீன் வாங்க வரும் கூட்டம் சேர்ந்துவிட்டால், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, சாந்தோம் நெடுஞ்சாலையே மேல் தம்பி.

பட்டினப்பாக்கம் தாண்டி அடையாறு நோக்கி வந்து திரு.வி.க. பாலம் ஏறுங்கள். பாலத்தில் ஏறும்போதே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். இறங்கியதும் இடப்பக்கம் திரும்பும் பெசன்ட் அவென்யூதான் உங்கள் சாலை. வலது தடத்தில் இருந்தால் திரும்ப முடியாமல் அடையாறு சிக்னல்களில் சுற்ற வேண்டும். அந்தச் சாலையில் இடப்பக்கம் நெடுக வருவது பிரம்மஞான சபைத் (தியோசாபிகல் சொசைட்டி) தோட்டம். அங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் சாய்ந்துவிட்டாலும் விழுதுகள் பரந்து நிற்கின்றன. பார்வை நேரம் குறைவு, போகும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவு வளைவு இருக்கிறது. 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்குக் கட்டியது. அதைப் பார்த்துவிட்டுக் கடலில் இறங்கத் தோன்றினால் கணுக்காலோடு நின்றுவிடுங்கள். இந்தக் கரை நெடுகிலும் அடியிழுப்பு உண்டு, அலை சின்னதாகத் தெரிகிறதென்று நம்பக் கூடாது. அடையாறு கடலில் சேரும் இடத்திலுள்ள முறிந்த பாலம் பக்கம் இருட்டிய பிறகு போக வேண்டாம். 1977-இல் முறிந்தது, விளிம்பில் தடுப்பு ஏதும் கிடையாது.

வடக்கு வாசல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்களுக்கு ஒரு சேர்க்கை. பாரிமுனைக்கும் கோட்டைக்கும் இடையில் ரிசர்வ் வங்கி சுரங்கப்பாதை இருக்கிறது, கனமழையில் தண்ணீர் தேங்கும். முன்னால் போகும் காரின் சக்கரம் பாதிக்கு மேல் முழுகினால் உங்கள் காரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து, மெக்கானிக் வந்து பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கடலோர ஓட்டி

மகாபலிபுரத்தையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். பெசன்ட் நகரிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக ஐம்பது கி.மீ. இருக்கும், அதற்குத் தனி நாள் வேண்டும். அப்படிப் போகும்போது வழியிலுள்ள முதலைப் பண்ணைக்குத் திங்கள், தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை என்பதை வைத்துக் கிழமையைத் தேர்ந்தெடுங்கள். உத்தண்டி சுங்கச்சாவடிக்கு முன்பே ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா பாருங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் அன்றைய ஒரே டிக்கெட் செல்லும், முதல் இடத்தில் வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.